மங்கிய வன ஒளியில் மிரளும் மான்களைப் படமெடுப்பது எப்படி

அடர்ந்த காட்டுக்குள் மானைப் படமெடுக்க முனைபவருக்கு இரண்டு இடர்கள் ஒருசேர வாய்க்கின்றன: ஒளி போதுவதில்லை, மான் நிற்பதில்லை. முதல் இடரை அகன்ற துளையுள்ள லென்ஸாலும் இரண்டாவதை உருமறைப்பு உடையாலும் தீர்த்துவிடலாம் என்று பலரும் தனித்தனியே வழி தேடுகின்றனர். ஆனால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நம்மைப் பொருட்படுத்தாமல் அசையாது நிற்கும் மான், ஒளியை உள்ளே விடும் ஷட்டரை நான்கு மடங்கு நேரம் திறந்துவைக்க இடம் கொடுக்கிறது. அந்த நான்கு மடங்கு ஒளி, எஃப்/5.6 லென்ஸைக் கழற்றிவிட்டு எஃப்/2.8 லென்ஸை மாட்டிக்கொண்டதற்குச் சமம் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துளை அகலும்). மிரண்டு நகரும் மானோ எவ்வளவு நல்ல கருவியையும் தோற்கடித்துவிடும். ஆகவே குறைந்த ஒளியில் மானைப் படமெடுப்பவர் முதலில் சம்பாதிக்க வேண்டியது மானின் அமைதியைத்தான். கேமராவின் அமைப்புகள் அதற்கு அடுத்த நிலையில் வருபவை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

ஒளி எவ்வளவு குறைவு?

நம் கண் மங்கிய ஒளிக்குப் பழகிவிடுவதால், காட்டின் நிழல் எவ்வளவு இருண்டது என்பது நமக்கு உறைப்பதில்லை. நண்பகல் வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் மானுக்கு, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வு அளவு 100இல் எஃப்/16 துளையும் 1/100 நொடியும் ஏறக்குறையச் சரியான அளவு. விடியற்காலையில் அடர்ந்த மரக்கூரையின் கீழ் அதைவிட ஒன்பது ஸ்டாப் வரை ஒளி குறைந்திருக்கக்கூடும். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும் என்பதால், வெட்டவெளியில் கிடைத்ததில் 500இல் ஒரு பங்குதான் இங்கே மிஞ்சுகிறது. அந்த ஒளியில் எஃப்/5.6 துளையோடு 1/250 நொடி வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை 12800க்கு உயர்த்த வேண்டியிருக்கும், எஃப்/2.8 லென்ஸ் கையில் இருந்தால் 3200 போதும். மான் அசையாமல் நிற்கிறது, கேமராவும் உறுதியான தாங்கியின் மேல் இருக்கிறது, 1/60 நொடியே போதும் என்னும் நிலை வந்துவிட்டால், அந்த எஃப்/5.6 லென்ஸிலேயே 3200இல் படம் கிடைத்துவிடும். எஃப்/2.8 லென்ஸ் வைத்திருப்பவருக்கு 800 போதும். இந்த எளிய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை மானைப் பற்றியே ஏன் பேசுகின்றன என்பது விளங்கும்.

மான் நம்மை எப்படி அறிகிறது

மானின் முதல் காவல் அதன் மூக்கு. நாம் எவ்வளவு அசையாமல் அமர்ந்திருந்தாலும், காற்று நம் பக்கமிருந்து மானை நோக்கி வீசினால் காரியம் கெட்டுவிடும். பெரும்பாலான நேரங்களில் மான் ஓடுவதைக்கூட நாம் பார்க்க மாட்டோம். நாம் வருவதற்கு முன்பே அது அந்த இடத்தை விட்டு அகன்றிருக்கும். எனவே காற்று மானின் பக்கமிருந்து நம் முகத்தில் படும்படியோ, குறைந்தது பக்கவாட்டில் கடந்து செல்லும்படியோ இடம் பிடிக்க வேண்டும். காட்டுக்குள் காற்று ஒரே சீராக வீசுவதில்லை என்பதால், இலவம்பஞ்சின் ஓர் இழையையோ சிறிதளவு மாவுத்தூளையோ அவ்வப்போது விட்டுப் பார்ப்பது, கன்னத்தில் படும் உணர்வை நம்புவதைவிடத் திட்டவட்டமானது.

மலைச்சரிவுகளில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனம் கூடிச் சரிவின் வழியே கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறிச் சரிவு சூடான பிறகு காற்று மேல்நோக்கி எழும். மாலையில் மீண்டும் இறங்கத் தொடங்கும். ஆகவே விடியலுக்கு முன்னர் மானுக்குக் கீழ்ப்புறத்திலும், வெயில் ஏறிய பின்னர் அதற்கு மேற்புறத்திலும் இருப்பதே பொருத்தம். இந்த மாற்றம் நிகழும் இடைப்பட்ட அரைகுறை நேரத்தில் காற்று எப்பக்கமும் சுழலும். அப்போது எழுந்து நடமாடாமல், இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது.

இரண்டாவது காவல் செவி. மானின் இரு காதுகளும் தனித்தனியே திரும்பக்கூடியவை. தலை குனிந்து மேயும்போதும் ஒரு காது முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் சுழன்றுகொண்டிருப்பதை அருகிலிருந்து பார்த்தால், அது உண்பதற்கும் கேட்பதற்கும் தன் கவனத்தை எப்படிப் பங்கிடுகிறது என்பது தெரியும். காட்டில் இயல்பாக எழும் சருகோசைக்கு அது பழகியிருக்கிறது. பழகாதது உலோகம் உலோகத்தில் மோதும் ஓசையும், ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும் கரகரப்பும், ஜிப் இழுபடும் ஓசையும்தான். பையைத் திறப்பது, டிரைபாட் காலை நீட்டுவது, லென்ஸ் மூடியைக் கழற்றுவது ஆகிய எல்லாவற்றையும் மான் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கேமராவில் ஃபோகஸ் கிடைத்ததும் எழும் பீப் ஒலியை அணைக்காமல் காட்டுக்குள் செல்பவரை என்னால் புரிந்துகொள்ளவே முடிவதில்லை.

பார்வைதான் மூன்றாவது. மானின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், அது தலையைத் திருப்பாமலேயே ஏறக்குறைய 300 பாகை அளவுக்குச் சுற்றுப்புறத்தைக் காண்கிறது. நுணுக்கமான விவரங்களில் அதன் பார்வை நம்முடையதைவிட மங்கல். ஆனால் அசைவைக் கண்டுகொள்வதிலும், இருட்டில் பார்ப்பதிலும் அது நம்மை எளிதில் மிஞ்சிவிடும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம், உள்ளே வந்த ஒளியைத் திருப்பி அனுப்பி விழித்திரைக்கு இரண்டாவது வாய்ப்பைத் தருகிறது. இரவில் விளக்கொளி பட்டால் மானின் கண்கள் மின்னுவதும் இதனால்தான். நிறங்களைப் பொறுத்தவரை, மானுக்கு நம்மைப் போல மூன்று வகைக் கூம்புச் செல்கள் இல்லை, இரண்டே உள்ளன. சிவப்பும் செம்மஞ்சளும் அதற்கு மங்கித் தெரிகின்றன; நீலமோ நன்றாகத் தெரிகிறது. துணியை வெளுப்பாக்கும் சேர்மங்கள் கலந்த சலவைத்தூளில் துவைத்த உடைகள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிவிடும் என்பதால், பச்சை நிறச் சட்டை அணிந்திருந்தாலும் மங்கிய நேரத்தில் அது மானின் கண்ணுக்குத் துலங்கித் தெரியலாம். நீல ஜீன்ஸைத் தவிர்த்து, மண்நிற உடையை வெறும் சோப்பில் துவைத்து அணிவதே போதுமானது. விலை உயர்ந்த உருமறைப்பு உடையைவிட, முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்வது அதிகம் பயன்படும். ஏனெனில் நம் உடலில் ஓயாமல் அசைபவை அவைதாம். இருட்டில் நடக்க விளக்கு தேவையெனில், தரையை நோக்கிப் பிடித்த மங்கிய சிவப்பு விளக்கு தொந்தரவு குறைந்தது.

இடமும் நேரமும்

மான்கள் விடியலையும் அந்தியையும் ஒட்டியே மிகுதியாக நடமாடும். அதனால் ஒளி குறைவு என்பது நமக்கு நேர்ந்த தற்செயல் இல்லை; மான் தேர்ந்தெடுத்த நேரமே அதுதான். ஆயினும் அந்த நேரத்திலும் காட்டின் எல்லா இடமும் ஒரே அளவு இருட்டாக இருப்பதில்லை. மரம் விழுந்து வானம் திறந்த இடம், காட்டோரம், ஓடைக்கரை, புல்வெளியின் விளிம்பு ஆகியவற்றில் உட்காட்டைவிட இரண்டு மூன்று ஸ்டாப் ஒளி கூடுதலாகக் கிடைக்கும். அகன்ற துளையுள்ள லென்ஸுக்குச் செலவிடும் பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர் முதலில் தேட வேண்டியது இத்தகைய இடைவெளியைத்தான்.

அந்த இடைவெளியை மான் பயன்படுத்துகிறதா என்பதற்குத் தரை சான்று சொல்லும். ஈர மண்ணில் விளிம்பு மழுங்காத குளம்புத் தடம், இன்னும் பளபளப்பு மாறாத புழுக்கை, ஒரே உயரத்தில் கடித்து அறுக்கப்பட்ட இளந்தளிர்கள், கொம்பு உரசியதால் பட்டை உரிந்த சிறுமரம் ஆகியவை அண்மைக்கால வரவைக் காட்டும். தடங்களைக் கண்டுகொண்ட பிறகு, மான் எங்கே நிற்கும், வானத் திறப்பு எப்பக்கம் இருக்கிறது, காற்று எப்பக்கமிருந்து வருகிறது என்ற மூன்றையும் பொருத்திப் பார்த்து நம் இடத்தை முடிவு செய்ய வேண்டும். மூன்றும் ஒத்துவராதபோது ஒளியை விட்டுக்கொடுக்கலாம். காற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மேகமூட்டமான நாள்களை வீணென்று கருதத் தேவையில்லை. வெயில் நாளில் காட்டுக்குள் இலைகளின் ஊடே விழும் ஒளித்திட்டுகள் மானின் முதுகில் வெள்ளைத் தழும்புகளாக எரிந்துபோக, முகம் கரிய நிழலில் மூழ்கிவிடும். மேகம் அந்த வேறுபாட்டைக் குறைத்து, ரோமத்தின் நிறத்தை ஒரே சீராகக் காட்டுகிறது. அதோடு மான்கள் சற்று நேரம் கூடுதலாக வெளியில் மேயவும் வாய்ப்புண்டு. மழை விட்ட உடனே காடு சொட்டிக்கொண்டிருக்கும் நேரம் இன்னும் சிறந்தது: ஈரச் சருகு நம் காலடியில் ஓசை எழுப்பாது.

எந்த மானைத் தேடுகிறோம் என்பதும் இடத்தை மாற்றும். புள்ளிமான்கள் கூட்டமாகத் திறந்த வெளிகளை நாடுபவை. ஒளி கிடைக்கும், ஆனால் ஒரு கூட்டத்தில் எப்போதும் ஏதேனும் ஒரு பெண்மான் தலை நிமிர்ந்து காவல் நிற்கும். அருகில் மரத்தின் மேல் சாம்பல் மந்திகள் இருந்தால் அவற்றின் எச்சரிக்கைக் குரலையும் மான்கள் தமதாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே மேலிருந்து பார்க்கும் கண்களுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும். மிளா என்றும் கடமான் என்றும் அழைக்கப்படும் பெரிய மான், பெரும்பாலும் இருட்டிய பிறகே வெளிப்படுவதால் ஒளிக்கணக்கில் மிகக் கடினமானது. கேளையாடு தனித்து, புதரோரம் ஒட்டி நடமாடும். அது நின்று பார்க்கும் இரண்டு மூன்று நொடிகளே நமக்குக் கிடைப்பவை.

அணுகுவதா, காத்திருப்பதா?

என் கருத்தில், குறைந்த ஒளியில் மானை நோக்கி நடப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். நடந்து செல்பவர் கையில் கேமராவைப் பிடித்திருப்பார், தாங்கி இராது, மூச்சு வாங்கும், ஷட்டர் வேகத்தை உயர்த்தியே ஆக வேண்டியிருக்கும். காத்திருப்பவருக்கோ டிரைபாட் நிறுவப்பட்டிருக்கும், ஃபோகஸ் தோராயமாக அமைக்கப்பட்டிருக்கும், மான் தானாகவே நெருங்கி வரும். ஒரு பெரிய மரத்தின் பின்னே ஒளிந்து எட்டிப் பார்ப்பதைவிட, அதன் முன்னே அடிமரத்தில் முதுகைச் சாய்த்து அமர்வது மேல். எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அசைவு. சாய்ந்து அமர்ந்தவரின் உருவமோ மரத்தின் கருமையில் கரைந்துவிடுகிறது. வானத்தைப் பின்புலமாகக் கொண்ட மேட்டில் மட்டும் அமரக் கூடாது.

அணுகித்தான் ஆக வேண்டுமெனில், நேராக மானை நோக்கி நடக்காமல், அதைக் கடந்து வேறெங்கோ போவதைப் போலக் கோணலாக, நிறுத்தி நிறுத்திச் செல்ல வேண்டும். மான் தலை குனிந்து மேயும்போது மட்டும் நகர்ந்து, அது நிமிரும் கணத்தில் எந்த நிலையில் இருக்கிறோமோ அந்த நிலையிலேயே உறைந்துவிட வேண்டும். இங்கே மான் ஒரு தந்திரம் செய்யும்: ஐயம் கொண்ட மான், மேய்வதற்காகத் தலையைத் தாழ்த்துவது போலப் பாசாங்கு செய்து, பாதியிலேயே சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். முதல் குனிவை நம்பி அசைந்தவர் அகப்பட்டுக்கொள்வார். தலை தாழ்ந்து, வாய் அசைந்து, வால் இயல்பாக இரண்டொரு முறை ஆடிய பிறகே அது அமைதியடைந்ததாகக் கொள்ளலாம்.

முன்னங்காலால் தரையைத் தட்டுவது, வாலைத் தூக்கி நிறுத்துவது, இரு காதுகளும் ஒரே நேரத்தில் நம்மை நோக்கி விறைப்பது, கூர்மையான ஒற்றைக் குரல் எழுப்புவது ஆகியவை, இதற்கு மேல் நெருங்காதே என்பதற்கான தெளிவான அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் மேலும் ஓர் அடி எடுத்துவைப்பதால் படம் கிடைக்கப் போவதில்லை. பின்வாங்கி அமர்ந்தால் சில நேரங்களில் மான் மீண்டும் மேயத் தொடங்கும். வாகனத்தில் இருந்தபடியே படமெடுக்கும் இடங்களில், வாகனமே நல்ல மறைவிடம். ஆனால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அதன் அதிர்வு மெதுவான ஷட்டர் வேகத்தில் படத்தைக் கலங்கடித்துவிடும். ஜன்னல் விளிம்பில் மணிகள் நிரப்பிய சிறு பையான பீன்பேக்கை வைத்து அதன்மேல் லென்ஸை அமர்த்துவது டிரைபாடைவிட விரைவானது.

கேமராவின் அமைப்புகள்

துளையை லென்ஸ் தரும் அகன்ற அளவில் வைத்துவிடலாம். இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஷட்டர் வேகத்தைக் கையால் தேர்ந்தெடுத்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விடுவதே காட்டுக்குள் எனக்கு வசதியாகப் படும் முறை. மான் நிழலிலிருந்து வெளிக்கு நகரும்போது ஐஎஸ்ஓ தானாக இறங்கும். நம் கட்டை விரலுக்கு ஷட்டர் வேகம் என்ற ஒரே பொறுப்புதான் மிஞ்சும்.

அந்த ஷட்டர் வேகத்தைத் தீர்மானிப்பதுதான் இக்கலையின் மையம். ஓடும் மானை உறையவைக்க 1/1000 நொடியாவது வேண்டும். மங்கிய ஒளியில் அது பெரும்பாலும் நடவாத காரியம். நடக்கும் மானுக்கு 1/320 முதல் 1/500 வரை. மேயும் மானுக்கு 1/250, ஏனெனில் உடல் நின்றாலும் தாடையும் காதும் ஓய்வதில்லை. ஆனால் மேய்ச்சலின் நடுவே ஏதோ ஓர் ஓசைக்குத் தலை நிமிர்த்திக் காது கொடுக்கும்போது, மான் முழுவதுமாக உறைந்து நிற்கும் சில நொடிகள் வருகின்றன. மூக்குத்துளை மட்டுமே மெல்ல விரிந்து சுருங்கும், மெல்லுவதுகூட நின்றுவிடும். அந்தச் சில நொடிகளில் 1/60 நொடியும், உறுதியான தாங்கியிருந்தால் 1/30 நொடியும்கூடச் சாத்தியமே. முதலில் பாதுகாப்பாக 1/250இல் சில படங்களை எடுத்துக்கொண்டு, பிறகு மான் உறையும் ஒவ்வொரு முறையும் வேகத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்துச் செல்வது நல்ல ஒழுங்கு: கையில் ஏதேனும் ஒரு படம் நிச்சயம் இருக்கும், கடைசிப் படங்களில் நாய்ஸ் என்னும் குருணைத்தன்மை மிகக் குறைவாக இருக்கும்.

மெதுவான வேகத்தில் ஒற்றைப் படமாக எடுக்காமல், நான்கைந்து படங்களைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். பொத்தானை அழுத்தும் விரலின் அதிர்வு முதல் படத்தையே பெரிதும் பாதிப்பதால், தொடரின் நடுவில் வருவது பெரும்பாலும் தெளிவாக இருக்கும். லென்ஸிலோ கேமராவிலோ உள்ள அதிர்வு நிலைப்படுத்தி, நம் கையின் நடுக்கத்தைத்தான் ஈடுகட்டுமே தவிர, மானின் அசைவுக்கு அதனிடம் மருந்தில்லை. ‘ஐந்து ஸ்டாப் நிலைப்படுத்தல்’ என்னும் விளம்பர வாசகத்தை நம்பி ஷட்டர் வேகத்தைக் குறைத்தவருக்கு, மரத்தின் பட்டை கூர்மையாகவும் மான் மட்டும் கலங்கலாகவும் அமைந்த படம் கிடைக்கும்.

ஓசையற்ற எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால், நிற்கும் மானுக்கு அதையே பயன்படுத்தலாம். பல கேமராக்களில் அது காட்சியை வரிவரியாகப் பதிவு செய்வதால், ஓடும் மானின் கால்கள் வளைந்து தோன்றக்கூடும். அப்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிக்கொள்ள வேண்டும். கண்ணாடி எழும்பி விழும் பழைய வகைக் கேமரா வைத்திருப்பவர் மனம் தளரத் தேவையில்லை. முதல் ‘கிளிக்’ ஒலிக்கு மான் தலை நிமிர்ந்து உறையும். அந்த உறைநிலையே இரண்டாவது படத்துக்கான வாய்ப்பு. மூன்றாவது நான்காவது ஒலிக்கும் தீங்கு எதுவும் நேராததைக் கண்டு அது மீண்டும் மேயக்கூடும்.

ஐஎஸ்ஓவைக் கண்டு அஞ்சுவது குறைந்த ஒளியில் நேரும் மிகப் பரவலான பிழை. நாய்ஸ் எனப்படும் அந்தக் குருணைத்தன்மைக்கு முதன்மைக் காரணம் சென்சாரில் விழுந்த ஒளி குறைவு என்பதே. எண்ணை உயர்த்தியது அதற்குக் காரணமன்று. 1600இல் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் இரண்டு ஸ்டாப் தூக்குவதைவிட, 6400இல் சரியான வெளிச்சத்தோடு எடுப்பதே பெரும்பாலான கேமராக்களில் தூய்மையான நிழல்களைத் தரும், எதுவாயினும் மோசமாகாது. கலங்கிப்போன படத்தைத் திருத்த வழியில்லை. குருணை விழுந்த படத்தைத் திருத்த இன்று நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. கோப்பு, கேமரா மெருகேற்றாத மூலப் பதிவான ‘ரா’ வடிவில் இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

வெளிச்ச அளவைக் கேமராவிடம் முழுதும் ஒப்படைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. கரிய காட்டின் பின்னணியில் மான் சிறிதாக நிற்கும்போது, கேமரா அந்தக் கருமையைச் சாம்பல் நிறமாக்க முயன்று மானை வெளிறச் செய்துவிடும். அங்கே கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈட்டை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும். மானுக்குப் பின்னே வானத்தின் வெண்மை தெரியும் இடத்தில் இதற்கு நேர்மாறாகக் கூட்ட வேண்டும். தொண்டையிலும் வயிற்றின் அடியிலும் உள்ள வெள்ளை ரோமமும், புள்ளிமானின் முதுகுப் புள்ளிகளும்தான் முதலில் எரிந்துபோகும் பகுதிகள் என்பதால், ஹிஸ்டோகிராம் எனப்படும் ஒளிப்பரவல் வரைபடத்தைப் பார்க்கும்போது, மிகுந்த வெளிச்சத்தைக் காட்டும் வலது விளிம்பை அவற்றின் காவலனாகக் கொள்ளலாம். ஆனால் படமெடுத்ததும் திரை தானாக ஒளிரும் வசதியை அணைத்துவைக்க வேண்டும். இருட்டில் நம் முகத்தை விளக்குப் போட்டுக் காட்டுவது அதுதான். சோதிப்பதைத் தலைகுனிந்து, கையால் மறைத்துக்கொண்டு செய்யலாம். வ்யூஃபைண்டர் வழியே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஃபோகஸ் தடுமாறும்போது

ஆட்டோஃபோகஸ் வேலை செய்வதற்கு ஒளி மட்டும் போதாது, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான மாறுபாடும் வேண்டும். மானின் விலாப்புறம் ஒரே பழுப்பு நிறமாக இருப்பதால், அங்கே குறிவைத்தால் மங்கிய ஒளியில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து தடுமாறும். கண்ணின் விளிம்பு, காதின் உள்ளே வெள்ளை ரோமம் கருமையைச் சந்திக்கும் கோடு, கொம்பின் அடி ஆகியவை பிடிமானமுள்ள இடங்கள். விலங்குகளின் கண்ணைத் தானே கண்டறியும் கேமராக்கள் இந்த வேலையைப் பெரிதும் எளிதாக்கிவிட்டன. ஆயினும் முன்னே குறுக்கிடும் இலைகளும் புல்லும் அவற்றையும் ஏமாற்றும் என்பதால், ஒற்றைச் சிறு புள்ளிக்கு உடனே மாறும்படி ஒரு பொத்தானை ஒதுக்கி வைப்பது நல்லது. பழைய கேமராக்களில் நடுப்புள்ளியே குறைந்த ஒளியில் மிகக் கூர்மையானது. நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்து, ஃபோகஸைப் பூட்டி, பிறகு சட்டகத்தை நகர்த்தலாம். ஃபோகஸுக்கு உதவ முன்னே எரியும் சிறு விளக்கை மெனுவில் தேடி அணைத்துவிட வேண்டும்.

லென்ஸில் ஃபோகஸ் எல்லையைக் குறுக்கும் விசை இருந்தால், அண்மை எல்லையை வெட்டிவிடுவதால் தேடல் பாதியாகக் குறையும். அகன்ற துளையில் தெளிவாக விழும் ஆழமும் மிகச் சிறியது என்பதை மறக்கக் கூடாது: முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 400 மி.மீ. லென்ஸை எஃப்/2.8 துளையில் 20 மீட்டர் தொலைவுக்குப் பயன்படுத்தினால், அது ஏறக்குறைய 40 செ.மீ. மட்டுமே. கண் கூர்மையாக இருந்தால் மற்றவை மங்கினாலும் படம் நிற்கும். காது கூர்மையாகக் கண் மங்கினால் நிற்காது.

சட்டகம்

மான் சிறிதாகவும் காடு பெரிதாகவும் அமையும் படங்களைத் தொடக்கத்தில் பலரும் விரும்புவதில்லை. ஆனால் ஒளி குறைந்த வேளையில் அவையே பெரும்பாலும் வெற்றி பெறுகின்றன. 70–200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில், தூண்களாக நிற்கும் மரங்களுக்கிடையே ஒரு மானை நிறுத்தினால், குறுகிய குவியத் தூரத்தில் கைநடுக்கமும் குறைவு, ஒளியும் மிகுதி, நெருங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 600 மி.மீ. எஃப்/6.3 லென்ஸால் முகத்தை நிரப்ப முயல்வது, அதே ஒளியில் எல்லா வகையிலும் கடினம்.

கேமராவை மானின் கண்மட்டத்துக்குத் தாழ்த்துவது முன்னே உள்ள புல்லை மென்மையான திரையாக்கிவிடும். பின்னணியையும் தொலைவுக்குத் தள்ளும். மானின் கண்ணில் வானத்தின் சிறு ஒளிப்புள்ளியாவது தெரிகிறதா என்று பார்த்து அழுத்த வேண்டும். மரக்கூரைக்குக் கீழே அது மானின் முகம் திறப்பை நோக்கித் திரும்பும்போது மட்டுமே வரும். அது இல்லாத கண், கரிய துளையாகவே தெரியும். ஒளி முற்றிலும் போய்விட்டால், பின்னே வெளிறிய வானமோ மூடுபனியோ உள்ள திசைக்கு மாறி நிழலுருவமாக எடுக்கலாம். அப்போது கொம்பும் காதும் கழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பக்கவாட்டில் தெரிய வேண்டும். ஓடும் மானை 1/30 நொடியில் கேமராவோடு தொடர்ந்து திருப்பி எடுப்பது இன்னொரு வழி. பத்தில் ஒன்று தேறினாலே அதிகம்.

செய்யக் கூடாதவை

ஃப்ளாஷ் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அது பாய்வது மானைத் தடுமாறச் செய்யும். கண்களும் பேய்போல ஒளிரும். பல வனக் காப்பகங்களில் அதற்குத் தடையும் இருக்கிறது. உணவு போட்டு வரவழைப்பதும், பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்வதும், தலை நிமிர்த்துவதற்காக வாயால் ஓசையெழுப்புவதும், மான் நம்மைப் பொருட்படுத்தாமல் இருக்கும் அந்த நிலையையே குலைப்பவை. புதருக்குள் தனியே படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் அது கைவிடப்பட்டதென்று எண்ணிவிடக் கூடாது. பல மான் இனங்களில் தாய் குட்டியை மறைத்து வைத்துவிட்டு மேயச் சென்று, பால் கொடுக்கத் திரும்பி வரும். நாம் அங்கேயே நின்றால் தாய் வராது. இனச்சேர்க்கைக் காலத்தில் கொம்புள்ள ஆண்மானிடமிருந்து தாராளமான இடைவெளி விட வேண்டும்.

கணினியில்

முதலில் நிறத்தைச் சரிசெய்வது நல்லது. மரக்கூரையின் ஊடே வரும் ஒளி பச்சை ஏறியது. மானின் செம்பழுப்பு நிறம் அதில் சோகை பிடித்ததுபோலத் தோன்றும். வெண்சமநிலையைச் சற்று வெதுவெதுப்பாக்கி, பச்சைக்கு எதிராக மெஜந்தாவைச் சிறிதளவு கூட்டினால் ரோமத்தின் நிறம் மீளும். ஆனால் இலைகளும் சேர்ந்து பழுப்பாகும் அளவுக்குப் போகக் கூடாது. நாய்ஸ் நீக்கத்தை அதன் பிறகு செய்யலாம். தானியங்கி மென்பொருள்கள் இல்லாத ரோமத்தை வரைந்துவிடும் இயல்புடையவை என்பதால், முழு அளவில் பெருக்கி, காதின் விளிம்பிலும் கண்ணிமையிலும் பார்த்து, ரோமம் ஈரக் கம்பளி போல ஒட்டித் தெரிந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பின்னணியில் முழு அளவும், மானின் மேல் பாதியும் என்று பிரித்துச் செய்வது என் விருப்பம்.

நிழல்களைத் தூக்கிப் பகலாக்கிவிடும் ஆசையை அடக்கிக்கொண்டு, அந்தியை அந்தியாகவே விட்டுவிடலாம். முகத்தை மட்டும் கால் ஸ்டாப் அளவுக்கு ஏற்றினால் பார்வை தானாக அங்கே செல்லும். இணையத்தில் பகிரும் முன், கோப்பில் பதிந்துள்ள இட விவரத்தை நீக்கிவிட வேண்டும். அச்சிடுவதாக இருந்தால், இருண்ட படங்கள் தாளில் திரையைவிட மேலும் இருளும் என்பதால், திரையின் ஒளியைக் குறைத்து வைத்துச் சரிபார்த்து, அரை ஸ்டாப் கூட்டிய ஒரு சிறிய மாதிரி அச்சை முதலில் எடுத்துப் பார்த்த பிறகே பெரிய அளவுக்குச் செல்ல வேண்டும்.